பராமரிப்புப் பாக்கியும் பியூஸ் கட்டையும்: அடுக்குமாடி வீட்டின் மின்சாரத்தை யார் துண்டிக்கலாம்?

சென்னையில் பழைய மூன்று மாடிக் குடியிருப்பு ஏதாவது ஒன்றில் நுழைந்து பாருங்கள். மாடிப்படிக்கு அடியிலோ, கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்திலோ மீட்டர் பலகை இருக்கும். வரிசையாக மீட்டர் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் பெயின்டில் எழுதிய வீட்டு எண், அதன் கீழே சர்வீஸ் நம்பர், பக்கத்தில் பியூஸ் கட்டை, மெயின் சுவிட்ச். அந்த இடத்துக்குக் கம்பிக் கதவு போட்டிருந்தால் சாவி அசோசியேஷன் செயலாளரிடமோ வாட்ச்மேனிடமோ இருக்கும். மூன்றாவது மாடியில் ஒரு வீட்டை இருட்டாக்குவதற்கு அந்தச் சாவி போதும். பராமரிப்புக் கட்டணம் மாதக்கணக்கில் வராமல் போய், ஞாபகக் கடிதங்களுக்கும் பதில் இல்லை என்றாகும்போது, செயற்குழுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் அந்தச் சாவியைப் பற்றிப் பேசத் தொடங்குவார். “பாக்கியைச் செலுத்தும் வரை மின் இணைப்பு நிறுத்தி வைக்கப்படும்” என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்படும். அதன் பிறகு விவகாரம் காவல் நிலையத்துக்கோ முன்சீப் கோர்ட்டுக்கோ போய்ச் சேரும்.

பாக்கி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் இந்த வழக்குகள் புரியாது. பெரும்பாலும் பாக்கி இருக்கத்தான் செய்யும். அதை வீட்டுக்காரரே மறுப்பதும் அரிது. எந்தப் பாக்கி, அது யாருக்குச் சேர வேண்டியது, நிறுத்தப்படும் மின்சாரத்தைக் கொடுத்தவர் யார் என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சட்டம் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. குடியிருப்புகளில்தான் மூன்றும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

துண்டிக்கும் அதிகாரம் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவில் இருக்கிறது. அது மின் விநியோக உரிமம் பெற்ற நிறுவனத்துக்கும் மின் உற்பத்தி நிறுவனத்துக்கும் தரப்பட்ட அதிகாரம். அவர்களுக்கும் அது தாராளமாகத் தரப்படவில்லை. மின் கட்டணமோ, மின்சாரம் வழங்கியது சம்பந்தப்பட்ட வேறு தொகையோ பாக்கி இருக்க வேண்டும். முழுதாக 15 நாள் அவகாசம் தந்து எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். பில் தவறு என்று சொல்லும் நுகர்வோர், கேட்கப்பட்ட தொகையையோ கடந்த 6 மாத சராசரிக் கட்டணத்தின்படி கணக்கிட்ட தொகையையோ, இரண்டில் எது குறைவோ அதை, ஆட்சேபத்துடன் கட்டிவிட்டால் தகராறு தீரும் வரை இணைப்பைத் தொடக்கூடாது. இரண்டு ஆண்டுக்கு முந்தைய தொகையைத் தொடர்ந்து நிலுவையாகக் காட்டி வராவிட்டால், அதற்காகவும் துண்டிக்க முடியாது.

இந்தக் கடைசி விதியைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு நம் விஷயத்துக்கு மிகவும் நெருக்கமானது. ராஜஸ்தானில் அஜ்மீர் மின் விநியோக நிறுவனம் ஒரு நுகர்வோருக்கு 2009 ஜூலை முதல் 2011 செப்டம்பர் வரை தவறான கட்டணப் பிரிவில் பில் போட்டுவிட்டது. தணிக்கையில் தவறு தெரிந்து, 2014-ல் கூடுதல் தொகை கேட்டது. கணக்குப் பிழை பின்னால் தெரியவந்தால் அந்தத் தொகையைக் கேட்கத் தடையில்லை, ஆனால் காலக்கெடு கடந்த அந்தத் தொகைக்காக இணைப்பைத் துண்டிக்கும் வழியைக் கையாளக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. கடன் உயிரோடு இருக்கிறது. வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். விளக்கை மட்டும் அணைக்கக் கூடாது. மின்சாரத்தையே விற்கும் நிறுவனத்துக்கு, அது விற்ற மின்சாரத்தின் விலைக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, மாடிப்படி பெருக்கிய கூலிக்கும் லிஃப்ட் பராமரிப்புக்கும் உரிய பாக்கிக்காக ஒரு சங்கம் அதைச் செய்யலாம் என்று வாதிடுவது கடினம்.

தமிழ்நாட்டில் இந்த வாதம் இன்னும் கடினமாகிறது. இங்கே வழக்கமாக ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின் இணைப்பு உண்டு. வீட்டுக்காரர் மின் வாரியத்தின் நேரடி நுகர்வோர். வாரியத்தின் பெயரும் அமைப்பும் மாறி வந்திருக்கின்றன. மக்கள் வாயில் அது இன்றும் ஈ.பி.தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்து, அவரவர் பில்லை அவரவர் கட்டுகிறார்கள். ஈ.பி. பில்லை ஒழுங்காகக் கட்டிவரும் ஒருவரின் பியூஸ் கட்டையைச் சங்கம் பிடுங்குகிறது என்றால், தான் விற்காத ஒரு பொருளை, தனக்குச் சேராத ஒரு கணக்கில், இன்னொருவர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வழிமறித்து நிறுத்துகிறது என்று பொருள். வாரியமே கூட, அதன் கட்டணம் வந்துகொண்டிருக்கும் வரை, பக்கத்து வீட்டாருடைய புகாரின் பேரில் அந்த இணைப்பைத் துண்டிக்க முடியாது.

வயரையே வெட்டினால் விவகாரம் சிவில் தகராறு என்ற எல்லையைத் தாண்டுகிறது. மின்சாரத்தை நிறுத்தும் நோக்கத்தோடு மின்தடத்தை வெட்டுவதையோ சேதப்படுத்துவதையோ மின்சாரச் சட்டத்தின் 140-வது பிரிவு குற்றமாக்கி, 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. பியூஸ் கட்டையைக் கழற்றி வைத்துக்கொள்வது வெட்டுவதாகுமா, சேதமாகுமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். ஆனால் செயற்குழுவில் கைதூக்கி வாக்களித்த, ஓய்வுபெற்ற ஆசிரியரோ வங்கி ஊழியரோ அந்த வாதத்தின் முடிவுக்காகக் காவல் நிலைய வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கும். சங்கத்தின் தீர்மானம் அவருக்குக் கேடயமாகாது.

வடக்கே நிலைமை வேறு. டெல்லியைச் சுற்றியுள்ள நொய்டா, குருகிராம் பகுதிகளின் உயரமான கோபுரக் குடியிருப்புகளில் பெரும்பாலும் ஒற்றை முனை இணைப்புதான் வழக்கமாக இருந்து வந்தது. மின் நிறுவனம் வளாகத்தின் வாசலில் ஒரே இடத்தில் உயரழுத்த மின்சாரத்தைக் கொடுத்துவிடும். உள்ளே நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு அதைப் பிரித்துக் கொடுப்பது கட்டுநரோ, அவர் அமர்த்திய பராமரிப்பு நிறுவனமோ, பிறகு பொறுப்பேற்கும் குடியிருப்போர் சங்கமோ. வீட்டுக்கு வீடு ப்ரீபெய்ட் மீட்டர். ஒரே மீட்டரில் இரண்டு கணக்கு ஓடும்: ஒன்று வாரிய மின்சாரம், மற்றொன்று ஜெனரேட்டர் மின்சாரம். செல்போன் போல ரீசார்ஜ் செய்துகொள்ள வேண்டும். இருப்பு தீர்ந்தால் மீட்டருக்குள் இருக்கும் ரிலே திறந்து மின்சாரம் நின்றுவிடும். பியூஸ் கட்டையைத் தேடிப் போக யாரும் தேவையில்லை.

இந்த மீட்டருக்குள்தான் பெரிய அநியாயம் ஒன்று நடந்து வந்தது. பராமரிப்புக் கட்டணத்தையும் அதே இருப்பிலிருந்து தினம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும்படி மென்பொருளை அமைத்துவிடுவார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,200 சதுர அடி வீடு, சதுர அடிக்கு மாதம் 3 ரூபாய் பராமரிப்பு என்றால் மாதம் 3,600, நாளுக்கு 120 ரூபாய். வீட்டுக்காரர் 3,000 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்கிறார். நாளுக்கு 30 ரூபாய்க்கு மின்சாரம் செலவாகிறது. 20 நாளில் பராமரிப்புக்கு 2,400 போய்விடும். மின்சாரத்துக்குப் போனது 600 ரூபாய்தான். இருப்பு பூஜ்யம், வீடு இருட்டு. மின்சாரத்துக்கு முன்பணமாகக் கொடுத்தது வேறொரு கடனுக்கு வரவு வைக்கப்பட்டு, மின் பாக்கி இருப்பதுபோல் ஒரு தோற்றம் உருவாக்கப்படுகிறது. பராமரிப்புக் கட்டணம் கூடுதலாக இருக்கிறது, லிஃப்ட் ஓடவில்லை, கணக்குக் காட்டவில்லை என்று தகராறு செய்யும் உரிமையே இதனால் இல்லாமல் போகிறது. எல்லாத் தகராறுகளிலும் பணம் முதலில் கட்டுநர் கைக்குப் போய்விடுகிறது. வீட்டுக்காரர்தான் பின்னால் துரத்த வேண்டும். 15 நாள் அறிவிப்பும் இல்லை, ஆட்சேபத்துடன் கட்டும் வழியும் இல்லை.

உத்தரப் பிரதேச மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பல ஆண்டுப் புகார்களுக்குப் பிறகு இதைத் தடுக்க முனைந்தது. 2018-ல் விநியோக விதித்தொகுப்பைத் திருத்தி, பல மாடிக் குடியிருப்புகளில் வீட்டுக்கு ஒரு நேரடி இணைப்பு தரும் முறைக்கு மாறச் சொன்னது. பராமரிப்புக் கட்டணத்தை மின் மீட்டர் இருப்பிலிருந்து பிடிக்கக்கூடாது என்பதும் அதன் நிலைப்பாடு.

ஒன்றிய அளவிலும் விதிகள் மெல்ல மெல்ல இதே திசையில் வந்திருக்கின்றன. 2005 ஜூனில் வந்த இடர்நீக்க ஆணை, கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கு ஒற்றை முனையில் மின்சாரம் தர வழி செய்தபோதே, தனி ஆள் ஒருவர் விநியோக நிறுவனத்திடம் நேரடி இணைப்பு கேட்கும் உரிமையை அது பறிக்காது என்றும் சொல்லி வைத்தது. மின் நுகர்வோர் உரிமைகள் விதிகள் 2020 டிசம்பர் கடைசி நாளில் வந்தன. 2024 பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தம் இந்தக் கட்டுரையின் மையத்தைத் தொடுகிறது. குடியிருப்பில் ஒற்றை முனையா, தனித்தனி இணைப்பா என்பதை உரிமையாளர்கள் வாக்களித்து முடிவு செய்யலாம். எந்த முறையானாலும், விநியோக நிறுவனத்திலிருந்து வரும் மின்சாரத்தில் ஒவ்வொரு வீடும் செலவழித்தது ஒரு கணக்கு, ஜெனரேட்டர் மின்சாரம் ஒரு கணக்கு, பொது இடங்களின் மின்சாரம் ஒரு கணக்கு என்று அளவீடும் பில்லும் வசூலும் தனித்தனியாக இருக்க வேண்டும். மீட்டருக்குள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும் பழக்கத்தின் வேரிலேயே இது கை வைக்கிறது.

ஒற்றை முனை இணைப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வீட்டுக்காரர்கள் எல்லாரும் பணம் கட்டியிருப்பார்கள். வாங்கிய கட்டுநர் மின் நிறுவனத்துக்குக் கட்டியிருக்க மாட்டார். நிறுவனத்தின் பார்வையில் அந்த வளாகத்துக்கு ஒரே ஒரு நுகர்வோர், அவர் பாக்கிக்காரர். 56-வது பிரிவின்படி அறிவிப்பு கொடுத்து வளாகம் முழுவதையும் துண்டிக்க அதற்கு அதிகாரம் உண்டு. சங்கத்திடம் ஒப்படைக்கும் வரை அத்தியாவசியச் சேவைகளை நியாயமான கட்டணத்தில் வழங்கும் பொறுப்பு கட்டுநருடையது என்று 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) 11-வது பிரிவு சொல்கிறது. ஒப்படைப்புக்கு முன் வாங்குவோரிடம் வசூலித்துக் கட்டாமல் விட்ட தொகைகளுக்கு, ஒப்படைத்த பிறகும் அவரே பொறுப்பு. ரெரா ஆணையத்தில் இந்தப் பிரிவை வைத்துப் பணத்தை மீட்கலாம். ஆணை வரும் வரை ஏணிப்படியில் தண்ணீர்க் குடம் தூக்குவது யார் என்ற கேள்விக்குத்தான் அந்தச் சட்டத்தில் பதில் இல்லை.

குடியிருப்புச் சங்கங்கள் துண்டிப்பதைப் பற்றி நேரடியாகப் பேசும் சட்டம் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் 1963-ஆம் ஆண்டு அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டத்தின் 12-ஏ பிரிவு அது. கட்டுநரோ, நிர்வாகக் குழு உறுப்பினரோ, செயலாளரோ, கட்டடப் பராமரிப்புக்குப் பொறுப்பான வேறு யாரோ, நியாயமான, போதுமான காரணமின்றி அத்தியாவசியச் சேவையைத் துண்டிக்கவோ குறைக்கவோ கூடாது என்கிறது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட், துப்புரவு எல்லாம் இதற்குள் அடங்கும். பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போய்ச் சேவையைத் திரும்பப் பெறலாம்.

“நியாயமான, போதுமான காரணம்” என்ற அந்தச் சொற்கள் சங்கங்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கின்றன. பராமரிப்புப் பாக்கி அத்தகைய காரணமாகுமா? என் கருத்தில் காரணமும் சேவையும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும். ஜெனரேட்டர் மின்சாரத்துக்குப் பணம் தராதவருக்கு ஜெனரேட்டர் மின்சாரத்தை நிறுத்துவது நியாயமான காரணம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 3 யூனிட்தான் கிடைக்கும். அந்தச் செலவைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் பையிலிருந்து ஏற்க வேண்டியதில்லை. நீச்சல் குளத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் இதே வாதம் பொருந்தும். மலேசியாவில் அடுக்குமாடி நிர்வாகத்துக்கான 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள், பாக்கிக்காரரின் நுழைவு அட்டையைச் செயலிழக்கச் செய்யவும் பொது வசதிகளைப் பயன்படுத்தவிடாமல் நிறுத்தவும் அனுமதிக்கின்றன. அங்கே அழுத்தம் தரும் இடம் வளாகத்தின் பொது வசதி. வீட்டுக்குள் இருக்கும் விளக்கு அல்ல.

எதிர்த்தரப்பில் இருக்கும் வலுவான தீர்ப்பு ஜெர்மனியிலிருந்து வந்தது. அந்த நாட்டின் உச்ச சிவில் நீதிமன்றம் 2005 ஜூன் 10 அன்று அளித்த தீர்ப்பில், பெருந்தொகை பாக்கி வைத்த வீட்டு உரிமையாளருக்குக் கூட்டு உரிமையாளர்கள் சேவையை நிறுத்தலாம் என்றது. தன் பங்கைத் தராதவருக்கு மற்றவர்கள் தங்கள் பங்கைத் தர மறுக்கலாம் என்பது அதன் அடிப்படை. ஆனால் வாசல் உயரமாக வைக்கப்பட்டது: பாக்கி 6 மாதத் தவணைக்கு மேல் இருக்க வேண்டும், முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டும், உரிமையாளர் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியிருக்க வேண்டும். அங்கேயும் வழக்கமாக வீட்டு மின்சாரத்துக்கு அவரவரே மின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். கூட்டாக வாங்கி, கூட்டாகப் பணம் கட்டும் தண்ணீரையும் குளிர்கால வெப்பத்தையும் பற்றியதுதான் இந்தத் துண்டிப்பு. அதாவது சங்கம் தன் பணத்தில் வாங்கிக் கொடுப்பதைத்தான் நிறுத்துகிறது. அந்தத் தீர்ப்பைக் காட்டி நம்மூர் ஈ.பி. இணைப்பில் கை வைக்க முடியாது. ஒற்றை முனை வளாகத்தில், மின் கட்டணமே பாக்கி என்றால் மட்டும் அதிலிருந்து ஏதாவது கற்றுக்கொள்ளலாம். அப்போதும் 56-வது பிரிவு மின் நிறுவனத்துக்கு விதித்த 15 நாள் அறிவிப்பையும், ஆட்சேபத்துடன் கட்டும் வாய்ப்பையும் சங்கம் தனக்குத் தானே விதித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் உச்ச நீதிமன்றம் மின்சாரத்தை எங்கே வைத்துப் பார்க்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 1995-ல் சமேலி சிங் வழக்கில், உறைவிட உரிமை என்றால் நாலு சுவரும் கூரையும் மட்டுமல்ல, வெளிச்சம், காற்று, தண்ணீர், மின்சாரம், சுகாதாரம் எல்லாம் சேர்ந்தது என்றது. 2022 மே மாதம் திலீப் எதிர் சதீஷ் வழக்கில், மின்சாரம் அடிப்படை வசதி, அதிலிருந்து ஒருவரை விலக்க முடியாது என்றும், வீட்டு உரிமையாளர் ஆட்சேபமின்மைச் சான்று தர மறுத்தார் என்பதற்காக வாடகைதாரருக்கு இணைப்பை மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்று பார்த்தால் போதும். கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011-லேயே, அத்துமீறி நுழைந்தவரானாலும் நிலையாகக் குடியிருந்தால் இணைப்பு கேட்கலாம் என்று கூறியிருந்தது. அத்துமீறியவருக்கே இணைப்பு உண்டு என்னும்போது, கிரயப் பத்திரமும் பிரிக்கப்படாத நிலப் பங்கும் வைத்திருக்கும் உரிமையாளரின் நிலை அதைவிடத் தாழ்ந்ததாக இருக்க முடியாது.

ஆனால் இந்த உரிமைக்கு எல்லையே இல்லை என்று நினைப்பதும் தவறு. 2023 மே 19 அன்று கே.சி. நைனான் எதிர் கேரள மாநில மின் வாரியம் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, மின்சாரம் வழங்கும் கடமை நிபந்தனைக்கு உட்பட்டது என்றது. முந்தைய உரிமையாளர் வைத்துப்போன மின் பாக்கியைக் கட்டினால்தான் மறு இணைப்பு என்று வாரியத்தின் விதிகள் சொன்னால், ஏலத்தில் வாங்கியவர்கூட அதற்குக் கட்டுப்பட வேண்டும். பழைய வீடு வாங்குவோர் கடைசி ஈ.பி. ரசீதைக் கேட்டு வாங்குவது இதனால்தான் அவசியம். கவனிக்க வேண்டியது, இங்கேயும் மின்சாரத்துக்கு மின்சாரப் பாக்கிதான் காரணமாகிறது. அசோசியேஷன் பாக்கி இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

இருட்டில் இருப்பவர் எங்கே போவது? சங்கம் தனியார் அமைப்பு என்பதால் அதற்கு எதிராக ரிட் மனு பொதுவாகச் செல்லாது. சிவில் நீதிமன்றம்தான் நேரான வழி. மின்சாரச் சட்டத்தின் 145-வது பிரிவு சிவில் நீதிமன்றத்தைத் தடுக்கிறது என்று சில எதிர்மனுக்களில் எழுதுவார்கள். அந்தத் தடை, முறைகேடான பயன்பாட்டுக்கு மதிப்பீடு போடும் 126, 127-வது பிரிவுகள் முதலான, சட்டமே அலுவலர்களிடம் ஒப்படைத்த விஷயங்களுக்கானது. சங்கம் வயரைக் கழற்றியதை விசாரிக்க அது தடையாகாது. வழக்கு முடிந்து தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகும் என்பதால், உடனே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லும் இடைக்கால உத்தரவில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அத்தகைய உத்தரவு சுலபத்தில் கிடைக்காது. 1990-ல் தோராப் கவாஸ்ஜி வார்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது: வழக்கு மேலோட்டமாகப் பார்த்தாலே மிக வலுவாக இருக்க வேண்டும், பணத்தால் ஈடுகட்ட முடியாத பாதிப்பு இருக்க வேண்டும், நீதிமன்றம் மீட்டுத் தருவது தகராறு எழுவதற்கு முன் கடைசியாக இருந்த நிலையை. ஆக்ஸிஜன் கருவியோடு படுத்திருக்கும் முதியவரோ, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளையோ வீட்டில் இருந்தால் இரண்டாவது அளவுகோலைப் பற்றி வாதமே தேவையில்லை. மீட்டர் பலகையின் நிலையைப் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை அமர்த்தும்படி கேட்பதும் வழக்கம். அதே நேரம், நியாயம் கேட்டு வருபவர் தானும் நியாயமாக நடந்திருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் பழைய நெறி. பாக்கியில் ஒரு பகுதியையாவது கட்டத் தயார் என்று மனுவிலேயே சொல்லும் வீட்டுக்காரரின் குரல் அங்கே எடுபடும்.

வாடகைதாரரின் நிலை இன்னும் பரிதாபம். பாக்கி வைத்தவர் துபாயிலோ பெங்களூருவிலோ இருக்கும் உரிமையாளர். இருட்டில் உட்காருபவர் மாதா மாதம் வாடகையும் பராமரிப்பும் கொடுத்துவரும் குடித்தனக்காரர். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 20-வது பிரிவு, உரிமையாளரோ சொத்து மேலாளரோ அத்தியாவசியச் சேவையைத் துண்டிக்கக் கூடாது என்று தடை செய்கிறது. அதில் சங்கம் குறிப்பிடப்படவில்லை. சட்டத்தைத் திருத்தும்போது ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் அடைபடும் ஓட்டை இது.

இத்தனையும் சொன்ன பிறகு, சங்கத்தின் பக்கம் நின்றும் பார்த்தாக வேண்டும். சிறிய குடியிருப்புகளில் செயலாளர் பதவி சம்பளமில்லாத வேலை. மாதம் பிறந்தால் வாட்ச்மேன் சம்பளம், துப்புரவுக் கூலி, கோடையில் லாரித் தண்ணீர், பொது மின் இணைப்பின் பில். 2022 செப்டம்பரில் பொது இணைப்புக்கான கட்டணம் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனிப் பிரிவாக்கப்பட்டது. மூன்று மாடிக்கு மிகாத, 10 வீட்டுக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் 2023 நவம்பர் முதல் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். அந்த பில்லைக் கட்டாவிட்டால் ஈ.பி. பொது இணைப்பைத் துண்டிக்கும்; மோட்டார் ஓடாது; ஒழுங்காகப் பணம் கட்டியவர் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வராது. எட்டு வீட்டில் இரண்டு வீடு கட்டாவிட்டால் மீதி ஆறு பேர் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போட வேண்டும். “அவர் மட்டும் ஏசி போட்டுக்கொண்டு தூங்குகிறார் சார், நாங்கள் ஏன் அவருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்?” என்று கூட்டத்தில் எழும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பாக்கி வைப்பவர்களில் வேலை இழந்தவர்களும் நோயாளிகளும் உண்டு. கட்ட வசதி இருந்தும், சங்கத்தால் என்ன செய்துவிட முடியும் என்ற அலட்சியத்தில் கட்டாதவர்களும் உண்டு. பின்னவர்களின் தைரியத்துக்குக் காரணம் சட்டப்படியான வசூல் வழி மிகவும் மெதுவாக இருப்பதுதான்.

மகாராஷ்டிரத்தில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் பதிவாளரிடம் போய் வசூல் சான்று வாங்கலாம். 1960-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 101-வது பிரிவிலும், வீட்டுவசதிச் சங்கங்களுக்கென்று 2019-ல் சேர்த்த அத்தியாயத்தின் 154பி-29 பிரிவிலும் அதற்கு இடம் இருக்கிறது. சான்று கிடைத்தால் பாக்கியை நில வரி நிலுவைபோல் வசூலிக்கலாம். அந்த மாநிலத்தின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச் செலவுப் பாக்கியை அந்த வீட்டின் மீதான பொறுப்பாகவே ஆக்கியிருக்கிறது. அரசு வரிக்கும் முதல் அடமானத்துக்கும் அடுத்த இடம் அதற்கு. வீட்டை விற்கப் போகும்போது அந்தக் கடன் முன்னால் வந்து நிற்கும். அங்கே செயலாளர் மீட்டர் அறைச் சாவியை நினைக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டுச் சங்கங்கள் பல, 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டம் பெரும்பாலும் ஏட்டில்தான் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. புதிய சட்டத்துக்கு ஏற்பச் சங்கங்கள் துணை விதிகளை மாற்றி எழுதும் இந்த நேரத்தில், “பாக்கிக்கு மின்துண்டிப்பு” என்ற வரியைப் பழைய விதிகளிலிருந்து அப்படியே எடுத்துப் போடுவது வீண். ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதால் அது செல்லுபடியாகிவிடாது. சட்டத்துக்கு முரணான உடன்பாடு செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. ஒருதலைப்பட்சமான கட்டுநர் ஒப்பந்தங்களை நியாயமற்ற வணிக நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் பயனியர் அர்பன் வழக்கில் ஒதுக்கித் தள்ளியிருக்கிறது. அந்த வரிக்குப் பதிலாக வட்டி விகிதம், அறிவிப்புக் காலம், தவணை வசதி, வாக்குரிமை நிறுத்தம், ஜெனரேட்டர் மின்சாரத்துக்குத் தனிக் கணக்கு ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக்கொண்டால் நீதிமன்றத்தில் நிற்கும்.

பணம் வசூலிக்க, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதிகம் பயன்படாத ஒரு வழி லோக் அதாலத். வழக்குப் போடுவதற்கு முன்பே வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் சங்கம் மனுக் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மீது மேல்முறையீடு இல்லை. அது முடியாவிட்டால் முன்சீப் நீதிமன்றத்தில் பண வழக்கு. பாக்கி எழுந்து மூன்று ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு காலாவதி. ஐந்து வருடப் பாக்கியைச் சேர்த்து வைத்துக்கொண்டு கோபத்தில் பியூஸ் கட்டையில் கை வைக்கும் சங்கங்கள், முதல் ஆறு மாதத்திலேயே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

தமிழ்நாட்டு அரசு இங்கே செய்ய வேண்டியது இரண்டு. பராமரிப்புப் பாக்கியை விரைவாக வசூலிக்கச் சங்கங்களுக்கு மகாராஷ்டிரம் போல ஓர் அதிகாரி மட்டத்து வழியைத் தர வேண்டும். அதோடு சேர்த்தே, 12-ஏ போன்ற ஒரு தடையை, “போதுமான காரணம்” என்ற சந்து வைக்காமல், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் கொண்டுவர வேண்டும். முதலாவதைத் தராமல் இரண்டாவதை மட்டும் கொண்டுவந்தால் சுமை முழுவதும் ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் தலையில் விழும்.

அதுவரை சங்கங்களின் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கூட்டத்தில் துண்டிப்புத் தீர்மானம் வந்தால் அதை நிறைவேற்றாமல், மூன்று ஆண்டுக்கு உட்பட்ட பாக்கிக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பாக்கி வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று: கணக்கில் தகராறு இருந்தால் தகராறு இல்லாத தொகையையாவது இந்த மாதமே கட்டி, மீதிக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். நீதிமன்றம் உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க அந்த ரசீது தேவைப்படும்.